கப்பல் விருந்துக்குப் பட்டுப்பாவாடை போதுமா?

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி வேர்க்குரு, பருத்தித் துணி, நீச்சல் உடை பற்றித்தான் இருக்கும். இந்த முறை கப்பலும் சேர்ந்துகொண்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணனோ மச்சானோ டிக்கெட் போட்டுவிட்டு, "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்க, நாலு நாள் கப்பலில் போய் வருவோம்" என்று கூப்பிடுவது நம் மதுரைப் பக்கம் இப்போது அதிசயமில்லை. அந்த டிக்கெட்டோடு வரும் மெயிலில் 'ஃபார்மல் நைட்' என்று ஒரு வரி இருக்கிறது, அதைப் பார்த்துக் கலங்கிப்போய் எழுதியவர்கள்தான் இந்த வாரம் அதிகம். நான் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குத் துணி தைக்கிறவள், தங்கை குடும்பத்தோடு ஒரே ஒருமுறை சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு, புக்கெட் போய் வந்தவள். இரண்டையும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மே மாதம் சிங்கப்பூரிலிருந்து நான்கு ராத்திரி கப்பல் பயணம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. ஒரு ராத்திரி ஃபார்மல் என்று போட்டிருக்கிறது. மகளுக்கு கவுனும் மகனுக்கு கோட் சூட்டும் கண்டிப்பாக வேண்டும் என்று என் ஓரகத்தி சொல்கிறார். கடையில் கேட்டால் பையனின் கோட் மட்டுமே நாலாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். வீட்டில் இருக்கும் பட்டுப்பாவாடையைப் போட்டுவிட்டால் உள்ளே விட மாட்டார்களா?
– வாசகி, திருநகர்

கடைக்குப் போவதை முதலில் நிறுத்துங்கள். பட்டுப்பாவாடை தாராளமாகப் போதும், அந்த ராத்திரிக்கு அதைவிட நல்ல உடுப்பு உங்கள் மகளுக்கு விலைக்குக் கிடைக்காது.

விஷயம் இதுதான். கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேசையில் வந்து பரிமாறும் பெரிய டைனிங் ஹால் ஒன்று இருக்கும். மூன்று, நான்கு ராத்திரிப் பயணம் என்றால் பொதுவாக ஒரு ராத்திரி, ஏழு ராத்திரி என்றால் பெரும்பாலும் இரண்டு ராத்திரி, அந்த ஹாலுக்கு வருகிறவர்கள் கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான் சங்கதி. எந்த ராத்திரி என்பது கப்பல் கம்பெனியின் ஆப்பிலோ தினமும் கேபினுக்கு வரும் நிகழ்ச்சித் தாளிலோ இருக்கும். அன்றைக்கும் மேல்தளத்தில் பஃபே திறந்துதான் இருக்கும், அங்கே சாதாரண உடுப்பில் போய் உட்கார்ந்து சாப்பிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கறாரும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். குனார்ட் கப்பல்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நிறையவே முறை பார்ப்பார்கள். நார்வேஜியன் கப்பல்களில் அலங்கரித்துக்கொண்டு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். குடும்பங்கள் அதிகமாகப் போகும் கப்பல்கள் இந்த இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் இருக்கும்.

டைனிங் ஹால் வாசலில் அவர்கள் வேண்டாம் என்று சொல்வது நீச்சல் உடை, கை இல்லாத பனியன் போன்றவற்றைத்தான். அதிலும் சின்னப் பிள்ளைகளிடம் யாரும் அளவுகோல் வைத்துப் பார்ப்பதில்லை. அவரவர் ஊர் வழக்கப்படி உடுத்தும் விசேஷ உடையைப் பெரும்பாலான கப்பல்களில் ஃபார்மலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் போனபோது பக்கத்து மேசையில் ஒரு மலாய்க் குடும்பம், அப்பாவும் மூன்று பையன்களும் ஒரே பச்சை நிறத்தில் பாஜு மெலாயு என்ற அவர்கள் பாரம்பரிய உடையைப் போட்டு, இடுப்பில் அந்தக் குட்டைக் கைலியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஹாலில் இருந்த அத்தனை கோட் சூட்டையும் விட அவர்கள் மேல்தான் என் கண் போய்க்கொண்டிருந்தது.

சரி, பாவாடைக்கு வருவோம், இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பிள்ளைகள் பட்டு வேண்டாம் என்று அழுவது பெரும்பாலும் பட்டினால் இல்லை, கழுத்திலும் அக்குளிலும் ஜரிகை குத்துவதால். சட்டையை உள்புறமாகத் திருப்பி, கழுத்து ஓரத்தை உங்கள் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு உறுத்தினால் அவளுக்கு இரண்டு மடங்கு உறுத்தும். பழைய மல் துணியில் லைனிங் கொடுத்து, அந்த லைனிங்கை ஓரத்துக்கு வெளியே ஒரு நூல் அளவுக்கு மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், ஜரிகை தோலில் படவே படாது. இடுப்பில் நாடா இருந்தால் எடுத்துவிட்டு பாடி வைத்துத் தைத்துவிடுங்கள். நாடா கட்டிய பாவாடை சாப்பிடும்போது வயிற்றை இறுக்கும், சாப்பிட்டுவிட்டு ஓடும்போது நழுவும். பாடி பாவாடையின் கனம் தோளில் நிற்கும், பிள்ளைக்கு அது உடம்பில் இருப்பதே தெரியாது. நீளம் கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். கப்பலில் படிக்கட்டு ஏராளம், கேபின் குளியலறை வாசலில் வேறு உயரமான ஒரு திட்டு இருக்கும், தரையில் புரளும் பாவாடையோடு அதைத் தாண்டும் பிள்ளை முகத்தில் விழும். கையை முட்டிக்கு மேலேயே நிறுத்துங்கள், நீளக்கை சூப்பில்தான் போய் முங்கும். டைனிங் ஹாலில் ஏசி நம் வீட்டு ஏசி போல இருக்காது, குளிர் எலும்பு வரைக்கும் போகும். அதனால் உள்ளே போட மெல்லிய பருத்தி பனியனும் தோளில் போட ஒரு சின்ன சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் பழைய பட்டுப்புடவையை வெட்டித் தைத்த பாவாடை என்றால் இன்னும் நல்லது, துவைத்துத் துவைத்துத் துணி மெத்தென்று இருக்கும். மடிப்பில் இற்றுப்போன இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

மகனுக்கு கோட் வேண்டவே வேண்டாம். இதை அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் தங்கை மகனுக்கு அப்போது ஐந்து வயது. கோட், உள்ளே வெயிஸ்ட் கோட், எலாஸ்டிக் வைத்த போ டை என்று கடையில் இருந்ததையெல்லாம் வாங்கியிருந்தார்கள். கேபினிலேயே கையைத் தூக்க முடியவில்லை என்றான். லிஃப்டில் போ டையை இழுத்து இழுத்து விட்டான். மேசையில் ரொட்டி வந்து வைத்த நேரத்தில் அழ ஆரம்பித்தவன், நிறுத்தவே இல்லை. கோட்டைக் கழற்றிக் காலரைத் தளர்த்திப் பார்த்தால், எலாஸ்டிக் இருந்த இடத்தில் கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. அதைப் பார்த்த மாத்திரத்தில் என் தங்கைக்கும் கண் கலங்கிவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு மேலே பஃபேக்குப் போய், வெறும் பனியனோடு உட்காரவைத்துத் தயிர்ச்சோறு கொடுத்தாள். அவளுடைய சாப்பாடு கீழே ஆறிப்போய்க் கிடந்தது. அந்தக் கோட் அதற்குப் பிறகு ஒருநாளும் வெளியே வரவில்லை.

நாலு வயதுப் பையனுக்குப் பின்பக்கம் எலாஸ்டிக் வைத்த மெத்தென்ற முழுக்கால் சட்டை, காலர் வைத்த பருத்தி முழுக்கைச் சட்டை, இது போதும். முழங்கை வரைக்கும் கையை மடித்துவிட்டால் அழகாகவும் இருக்கும், சாஸிலும் படாது. காலுக்குப் பள்ளிக்கூடத்துக் கறுப்பு ஷூவையே நன்றாகப் பாலிஷ் போட்டு எடுத்துப் போங்கள். புது ஷூ கடிக்கும், பழகின ஷூ கடிக்காது. ஓரகத்தி தன் பிள்ளைகளுக்கு கவுனும் கோட்டும் வாங்கினால் வாங்கட்டும், அதற்காக அவரிடம் மனத்தாங்கல் வைத்துக்கொள்ள வேண்டாம். முடிந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறத்தை மட்டும் சேர்ந்து பேசி முடிவுசெய்யுங்கள், ஃபோட்டோவில் ஒரே குடும்பமாகத் தெரியும்.

நகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நீச்சல் குளத்திலும் கடற்கரையிலும் கழற்றிக் கழற்றிப் போடும் இடத்தில் பிள்ளை கழுத்துச் சங்கிலி தங்காது. பாவாடைக்குக் கவரிங் செட் போதும்.

நான் விவசாயி. மகள் குடும்பம் என்னையும் கப்பலுக்குக் கூட்டிப் போகிறது. பேரனுக்கு 9 வயது. நானும் அவனும் ஒரே மாதிரி பட்டு வேட்டி, சட்டை போட்டுக்கொண்டு அந்த விருந்துக்குப் போகவேண்டும் என்று அவனுக்கு ஆசை. மருமகன் தயங்குகிறார். வேட்டியை மரியாதையான உடையாக அங்கே ஒத்துக்கொள்வார்களா?
– வாசகர், உசிலம்பட்டி

ஐயா, பேரன் கேட்டதை அப்படியே செய்யுங்கள். ஒன்பது வயதுப் பையன் தாத்தா மாதிரி உடுத்தவேண்டும் என்று தானாகக் கேட்பது சாமானியமாக நடப்பதில்லை.

மருமகனின் தயக்கத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரிலேயே வேட்டிக்குக் கதவைச் சாத்திய இடங்கள் இருந்தன. 2014இல் சென்னையில் வேட்டி கட்டிப் போன உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அது பெரிய பேச்சாகி, அந்த வருடமே வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் வெளிநாட்டுக் கப்பலில் செல்லாது. அதனால் மருமகனை விட்டு இப்போதே கப்பல் கம்பெனிக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள். "இது எங்கள் பாரம்பரிய உடை, ஃபார்மல் நைட்டுக்குப் பெரியவரும் சிறுவனும் இதை உடுத்துவார்கள்" என்று எழுதி, நீங்கள் இருவரும் வேட்டியில் நிற்கும் ஃபோட்டோ ஒன்றையும் சேர்த்து அனுப்பட்டும். வரும் பதிலை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவர் ஏதாவது கேட்டால் காட்டினால் தீர்ந்தது.

காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பரில் நம் மதுரையில், மேலமாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில். பத்து வருடம் கழித்து அதே உடையில்தான் லண்டனில் பிரிட்டிஷ் ராஜாவின் அரண்மனைக்குள் போனார். இதைப் பேரனுக்குச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள், நிமிர்ந்து நடப்பான்.

கட்டும் விதம் பற்றி ஒன்று. பேரனுக்கு இடுப்பில் ஒட்டும் வேட்டியே வாங்குங்கள், உள்ளே அரைக்கால் சட்டை போட்டுவிடுங்கள். ஹாலுக்குள் பயமில்லை, ஆனால் ஃபோட்டோ எடுக்கத் திறந்த தளத்துக்குப் போனால் கடல் காற்று வேட்டியைத் தூக்கும். உங்களுக்கும் ஒரு பெல்ட் இருக்கட்டும். மடித்துக் கட்டுவது மட்டும் ஹாலுக்குள் வேண்டாம், நம் ஊரிலும் சபையில் அப்படி நிற்க மாட்டோமே.

13 வயது மகள் பட்டுப்பாவாடை என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கறுப்பில் கை இல்லாத நீள கவுன்தான் வேண்டுமாம். மாமியார் கறுப்பு ஆகாது, கையும் வேண்டும் என்கிறார். நடுவில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.
– வாசகி, கே.கே. நகர்

பதின்மூன்று வயதில் அவளுக்குத் தன் உடம்பே புதிது. எந்த உடுப்பில் தன்னை மற்றவர்கள் பார்ப்பது அவளுக்குக் கூச்சமாக இல்லையோ அதைத்தான் அவள் கேட்பாள். அதை நாம் கேட்கத்தான் வேண்டும். மாமியாருக்கு எதிராக அவளையோ, அவளுக்கு எதிராக மாமியாரையோ நிறுத்தாதீர்கள். இரண்டு பேரையும் ஒருநாள் சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் கூட்டிப் போய்ச் சுங்குடி காட்டுங்கள்.

நான் வேண்டுமென்றேதான் சுங்குடி சொல்கிறேன். நம் ஊர் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்துப் புள்ளி புள்ளியாக எடுக்கும் வேலை அது, 2005இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கறுப்பு, கருநீலம், அரக்கு எல்லா நிறத்திலும் கிடைக்கும். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு புடவையை எடுத்து, கரை கீழே வருகிற மாதிரி கணுக்கால் வரை நீள கவுன் தைத்தால் ராத்திரி விளக்கில் அது கறுப்பாகவே தெரியும், பாட்டிக்கும் அது நீலம். போன வருடம் இதே சண்டையோடு வந்த ஒரு பெண்ணுக்கு நான் இப்படித் தைத்தேன். முதலில் உதட்டைச் சுழித்தவள், பாக்கெட் வைத்துத் தருகிறேன் என்றதும் சரி என்றாள். பாக்கெட்டை மறக்காதீர்கள். கேபின் கார்டும் ஃபோனும் வைக்க இடம் இருந்தால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அந்த உடுப்பே பிடித்துப்போகும்.

சுங்குடியை வெட்டும் முன் கல் உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்து இரண்டு அலசு அலசி, நிழலில் காயப்போடுங்கள். முதல் தண்ணீரில் சாயம் போகும், துணியும் கொஞ்சம் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது.

கை விஷயத்தில் என் யோசனை, கவுன் கை இல்லாமலே இருக்கட்டும், அதே துணியில் முன்பக்கம் திறந்த ஒரு குட்டி மேல்சட்டை தைத்துக் கொடுங்கள். ஏசி குளிரில் அவளே எடுத்துப் போட்டுக்கொள்வாள். குதிகால் உயர்ந்த செருப்பு கேட்டால் அதற்கு மட்டும் மாட்டேன் என்று சொல்லுங்கள். கப்பல் லேசாக ஆடினாலும் போதும், கால் பிசகிவிடும், மிச்ச நாலு நாளும் கேபினில்தான்.

பட்டு கசங்கிவிடுமே, சின்ன அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போகலாமா?
– வாசகி, மேலூர்

கூடாது. தீப்பிடிக்கும் என்பதால் அயர்ன் பாக்ஸையும் ஆவி விட்டுத் தேய்க்கும் கருவியையும் கப்பலில் விடுவதில்லை, ஏறும்போதே பெட்டியை ஸ்கேன் செய்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். சில கப்பல்களில் பயணிகளே துவைத்துத் தேய்க்க ஓர் அறை உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லாத இடத்தில் காசு கொடுத்தால் தேய்த்துத் தருவார்கள்.

பாவாடையை மடிக்காமல், பழைய பருத்தித் துண்டை உள்ளே வைத்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி எடுத்துப் போங்கள். கேபினுக்குள் போனதும் பிரித்து ஹேங்கரில் தொங்கவிடுங்கள். குளிக்கும்போது பருத்திச் சட்டையைக் குளியலறைக் கதவில் மாட்டிவிட்டால் வெந்நீர் ஆவியிலேயே சுருக்கம் பாதி போய்விடும். பட்டில் தண்ணீர் சொட்டினால் திட்டுத்திட்டாகத் தங்கும், அதனால் பட்டை ஆவிக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், ஒரு ராத்திரி தொங்கினாலே அது தானாகச் சரியாகும்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியாமல் சிரமமாகிறது. துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது கேபின் வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகலாம். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் பிள்ளைகளுக்கு வேண்டியதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் கடைசி ராத்திரி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், காலையில் கரையில்தான் கிடைக்கும். மறுநாள் போட வேண்டிய உடுப்பு, செருப்பு, உள்ளாடை எல்லாம் வெளியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பூட்டுங்கள்.

என் மகனுக்கு 5 வயது. வீட்டிலேயே தட்டு முன்னால் பத்து நிமிடம் உட்கார மாட்டான். இரண்டு மணி நேர விருந்தில் உடுப்பைப் பாழாக்கி, மற்றவர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திருப்பரங்குன்றம்

அந்த வயதில் பத்து நிமிடம் உட்கார்வதே பெரிய விஷயம், அவன்மேல் குறை ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தில் அவனைவிட உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலையாக இருந்தது. அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பாதிப் பேர் பிள்ளை வளர்த்தவர்கள், சிந்துவதையும் அழுவதையும் பார்க்காதவர்கள் யாரும் இல்லை.

சாப்பாட்டு நேரம் பெரும்பாலும் இரண்டு வேளையாக இருக்கும், ஒன்று ஆறு மணி வாக்கில், மற்றொன்று எட்டு மணி வாக்கில். முந்தின வேளையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு அவனுக்குத் தூக்கமும் பசியும் ஒன்றாக வரும், எந்த உடுப்பும் அப்போது தாங்காது. முதல் நாளே பரிமாறுகிறவரிடம், "பையன் சாப்பாட்டை முதலில் கொண்டுவந்து விடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். சோறும் பருப்பும் வேண்டுமென்றால் அதையும் முதல் நாளே கேளுங்கள், நிறையக் கப்பல்களில் இந்தியச் சமையல் உண்டு. ஸ்பூன், ஃபோர்க் என்று அவனைப் படுத்த வேண்டாம், கையால் பிசைந்து ஊட்டினால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. அவன் சாப்பிட்டு முடித்ததும் அப்பா கொஞ்சம் வெளியே கூட்டிப் போய் நடந்துவிட்டு வரட்டும், நீங்கள் நிதானமாகச் சாப்பிடுங்கள், அடுத்த முறை நீங்கள் போங்கள். பெரிய கப்பல்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி இடமும் ஆட்களும் உண்டு. மூன்று வயதுக்கு மேல், டயபர் இல்லாமல் இருந்தால் பொதுவாகச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

உடுப்புக்கு, ஹாலுக்குள் போகிறவரை மேலே பழைய சட்டை ஒன்று. மேசையில் உட்கார்ந்ததும் அதைக் கழற்றிவிட்டு, கழுத்திலிருந்து மடிவரை மூடும் ஒரு பெரிய துண்டு. எங்கள் வீட்டில் சிவப்புக் காசித் துண்டு எடுத்துப் போனோம், தக்காளி சாஸ் விழுந்தாலும் தெரியவில்லை. பட்டில் ஏதாவது கொட்டினால் தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, காயவிட்டு, ஊருக்கு வந்து டிரை கிளீனிங் கொடுங்கள். அங்கேயே சோப்புப் போட்டுக் கசக்கினால் கறையோடு பட்டின் பளபளப்பும் போய்விடும்.

போவதற்கு முன் ஒரு ஒத்திகை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டிலேயே எல்லோரும் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, மேசையில் ஒரு விரிப்புப் போட்டு, அவனுக்குப் பிடித்த சாப்பாடு வையுங்கள். எங்கே சொறிகிறான், எதை இழுக்கிறான், எப்போது எழுந்து ஓடுகிறான் என்று பாருங்கள். சொறியும் இடத்தில் லேபிள் இருக்கும், வெட்டி எடுங்கள். இழுக்கும் பட்டனை ஒரு விரல் தள்ளித் தையுங்கள். எவ்வளவு நேரம் தாங்கினானோ, கப்பலிலும் அவ்வளவுதான் தாங்குவான், அதற்குத் தகுந்த மாதிரி நீங்கள் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஃபார்மல் நைட்டில் கப்பல்காரர்கள் ஃபோட்டோ எடுப்பார்களாமே, எடுத்தால் வாங்கித்தான் ஆகவேண்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

வாங்கவேண்டிய கட்டாயம் இல்லை. எடுக்கிறார்கள், பிறகு பார்க்க வைக்கிறார்கள், பிடித்தால் வாங்கலாம், விலை அதிகம். சாப்பாட்டுக்கு முன்னாலேயே, உடுப்பு கலையாமல் பிள்ளைகள் சிரித்த முகமாக இருக்கும்போது, படிக்கட்டுப் பக்கம் நிறுத்தி உங்கள் ஃபோனிலேயே எடுத்துவிடுங்கள்.

பயணம் மே கடைசியில். துணியை எப்போது தைக்கக் கொடுக்கலாம்? இப்போதே தைத்தால் அதற்குள் மகள் வளர்ந்துவிடுவாளே.
– வாசகி, அலங்காநல்லூர்

வளரட்டும், அதற்குத்தானே பாவாடையில் டக் பிடிக்கிறோம். கீழ்க்கரைக்கு மேலே உள்பக்கமாக ஒன்றரை அங்குலத்தில் இரண்டு டக் பிடிக்கச் சொல்லுங்கள், ஒன்றைப் பிரித்தால் மூன்று அங்குலம் இறங்கும். சட்டைக்கு அக்குளில் இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்குக் கவலை இல்லை.

நாளைத் தள்ளிப்போட வேண்டாம். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் மதுரையில் ஒரு தையல்காரரும் புதுத் துணி கையில் வாங்க மாட்டார். புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த காலத்திலும் அப்படித்தான், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் அப்படித்தான், வீட்டில் தைக்கும் என்னிடமும் அப்படித்தான். பங்குனி முடிவதற்குள் அளவோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அளவுக்குப் பழைய சட்டையைக் கொடுக்காமல், மகளையே கூட்டிப் போங்கள்.